பயனாளி உத்தியோகம்

"இன்னுங் கொஞ்சம் கோணலாத் தை கண்ணு" என்றார் டாக்டர் அர்த்தனாரி.

பானுமதி பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஊசிக்கு அடியில் கருநீல உள்பாவாடை ஒன்று பாதி ஓரம் அடித்தபடி நின்றது. காதில் சரியாக விழவில்லையோ என்று நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தையல் ஷெட்டுக்கு வந்த நாளாக அவள் வாங்கிய வசவு அத்தனையும் இதற்கு நேர் எதிரானது. "மலையிலேருந்து வந்தீன்னா மலை ரோடு மாதிரியேவா தெப்ப? எத்தன பெண்டு இருக்குது பாரு, பஸ்ஸு உடலாமாட்ட இருக்குது" என்று முதலாளி ஷேக் பரீத் பாய் துணியைத் தூக்கித் தூக்கி எறிந்துதான் அவள் கை நேரானது. இப்போது நேராகிவிட்ட கையைப் பார்த்து, அதை நேராக்குவதற்கென்றே அறக்கட்டளை நடத்துகிறவர் முகம் சுளிக்கிறார்.

"நாளைக்கு டெல்லி மேடம் இங்க வர்றாங்க. மொதல் கட்டத்துல பயிற்சி முடிச்சவங்க எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்கன்னு நாம அறிக்கை அனுப்பியாச்சு. இப்ப இங்க உக்காந்திருக்கிறவங்க ரெண்டாங் கட்டத்துக்கு வந்திருக்கிற புதுசு. புதுசா வந்த புள்ள இப்பிடி ஸ்கேல் வச்ச மாதிரி தெச்சா, இவளுக்கு எதுக்குப் பயிற்சின்னு அந்தம்மா கேக்கமாட்டாங்களா?"

"நான் புதுசு இல்லீங்களே சார்."

"நாளைக்கு ஒரு நாளைக்குப் புதுசு கண்ணு."

சொல்லிவிட்டு அவர் அவள் தலையை லேசாகத் தட்டினார். மேடையில் சிறுமி பூங்கொத்து கொடுத்தால் தட்டுவாரே, அதே தட்டு. அவர் நிற்கிற இடத்திலேயே அவள் ஒரு ஓரத்தைக் கோணலாக அடித்துக் காட்ட வேண்டியிருந்தது. வேண்டுமென்று கோணுவது அத்தனை எளிதாக இல்லை. கை தானாக நேர்வழிக்குத் திரும்பியது. துணியை இடக்கையால் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, ஒரு வழியாக அடித்து முடித்தபோது அது குடிகாரன் நடந்துபோன தடம் போல இருந்தது. "பிரமாதம்!" என்றார் டாக்டர். அவர் வெளியே போனதும் அவள் அதைச் சுருட்டி மூலையில் கிடந்த வெட்டுத்துணிக் குவியலில் எறிந்தாள். மற்ற பெண்கள் யாருக்கும் டாக்டர் இந்தப் பாடத்தை நடத்தவில்லை. அவர்கள் எப்போதும்போல் தைத்தாலே போதுமானதாக இருந்தது.

டாக்டர் அர்த்தனாரி எதற்கு டாக்டர் என்பது கொல்லிமலையில் யாருக்கும் தெரியாது. முதன்முதல் அவர் வளப்பூர் நாட்டுக்கு வந்தபோது, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். அவர் அவளுக்குச் சுகாதாரம் பற்றி நெடுநேரம் உரையாற்றினார். பிறகு யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. எந்த ஊர்ப் பட்டம் என்று கேட்டால் "வெளிநாடு" என்பார். எந்த நாடு என்று அடுத்த கேள்வி கேட்க மலைக்காரர்களுக்குத் தோன்றாது என்று நம்பினார். அதுவும் ஓரளவு உண்மைதான். நாடு என்றால் அவர்களுக்கு வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு. பஸ் ஏறிப் போய்விட்டு சாயந்திரம் திரும்பிவிடலாம்.

அவருடைய குறிஞ்சிச்சுடர் அறக்கட்டளை கொல்லிமலைக்கு வந்த நாளிலிருந்து பானுமதிக்குப் பயிற்சி பெறுவதே பிழைப்பாகிவிட்டது. முதலில் மெழுகுவத்தி. அடுத்து காளான், அது வைக்கோலில் முளைத்தது, பார்த்தவர்கள் பயந்துபோய் மாட்டுக்குக்கூடப் போடவில்லை. பிறகு கம்ப்யூட்டர், கரண்ட் இருந்தால் பெட்டி வராது, பெட்டி வந்தால் கரண்ட் போய்விடும், ஆகவே அட்டையில் வரைந்த எழுத்துப் பலகைமேல் விரல் வைத்துப் பழகினார்கள். மலையில் பத்தாவது தாண்டிய பெண்கள் குறைவு. கூப்பிட்டால் வருகிற பெண்கள் அதைவிடக் குறைவு. எனவே எந்த ஊரிலிருந்து எந்த நிதி வந்தாலும் அது கடைசியில் பானுமதியின் தலையில்தான் வந்து இறங்கியது. வீட்டுச் சுவரில் அவளுடைய சான்றிதழ்கள் சாமி படங்களை ஓரங்கட்டிவிட்டன.

அவள் அம்மா பெருமாயிக்கு இதில் பெருமை தாங்கவில்லை. அவள் புரிந்துகொண்டதில் ஒரு சின்னத் தவறு இருந்தது. கூட்டங்களில் ஒலிபெருக்கியில் "பயனாளி பானுமதி மேடைக்கு வரவும்" என்று கூப்பிடுவார்கள். பெருமாயிக்குத் தலையாரியைத் தெரியும். வரி கட்டாதவர்கள் தலையாரியைக் கண்டால் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்துவிடுவார்கள், அப்படியொரு உத்தியோகம். தலையாரி இருப்பதுபோல் பயனாளி என்றும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் தன் மகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். செம்மேடு பஸ் நிறுத்தத்தில் கிழங்கு மூட்டையோடு நிற்கும்போது யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "எம்புள்ள பயனாளி உத்தியோகம் பாக்குறா" என்பாள். அப்பா காளியண்ணனுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஆனால் பெருமாயியிடம் சந்தேகத்தை வெளியே சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. பெண் கேட்டு வந்த இரண்டொருவர், "பயனாளின்னா சரிங்க, பெர்மனென்டா?" என்று விசாரித்தார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெருமாயி அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளன் ரமேஷ்குமாரை வழியில் மறித்தாள்.

"ஏனுங்க தம்பி, எம்புள்ளய எப்பங்க பெர்மனென்டு பண்ணுவீங்க?"

ரமேஷ்குமார் சமூகப்பணியில் முதுகலை படித்தவன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "பயனாளி எப்பவும் பயனாளியாவே இருக்கக்கூடாதுங்கம்மா. அதான் எங்க லட்சியமே."

"அதான பாத்தேன்" என்று பெருமாயி நிம்மதியாகப் போனாள். பிரமோஷன் உண்டு என்று அவளுக்குப் புரிந்தது.

தையல் பயிற்சி மற்றவற்றைப் போல அல்ல. இதில் நிதி தருகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வேலை கொடுக்கும் முதலாளி ஒருவரும் திட்டத்தில் பங்குதாரராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிதி கிடையாது. டாக்டர் மலையடிவாரம் முழுக்கத் தேடி, காரவள்ளியில் ஷேக் பரீத் பாயைப் பிடித்தார். பாய் தகரக் கொட்டகையில் உள்பாவாடை தைத்து சந்தைகளுக்குப் போடுகிறவர். "நீங்க எங்க பங்குதாரர் பாய்" என்று டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கியதும் பாய் கையை மெல்ல உருவிக்கொண்டு கேட்டார்: "லாபத்துல பங்குங்களா, நட்டத்துல பங்குங்களா?"

"அந்தப் பங்கு இல்லீங்க பாய். இது சமூகப் பங்கு."

"அப்ப நட்டம்னு சொல்லுங்க."

ஆனால் பழகும் காலம் முழுக்க அந்தப் பெண்களின் கூலியைத் திட்டமே கொடுத்துவிடும் என்று ரமேஷ்குமார் விளக்கியதும் பாயின் முகத்தில் சமூக உணர்வு மலர்ந்தது. ஒப்பந்த விழாவுக்குப் பெரிய பிளக்ஸ் அடித்தார்கள். அதில் பாய் 'தொழிலதிபர் ஜனாப் ஷேக் பரீத்' ஆனார். உள்பாவாடை 'ஆயத்த ஆடை' ஆயிற்று. பாயின் மனைவி நஸீம் பானு பிளக்ஸைப் பார்த்துவிட்டு, "யாருங்க இவரு, நம்ம கடன் பாக்கியெல்லாம் இவரையே கட்டச் சொல்லலாமா?" என்றாளாம்.

பெண்களைப் பாயிடம் அனுப்பும் முன் செம்மேட்டில் அறக்கட்டளையே கொஞ்ச காலம் தயார்செய்தது. நடுக்கூடத்தில் ஒரு தையல் மெஷின். திறப்பு விழாவன்று அதற்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். மாலை வாடிக் காய்ந்த பிறகும் யாரும் அதைத் தொடக்கூடாது, திட்டச் சொத்து. அதைச் சுற்றி வட்டமாக உட்காரவைத்து ஆளுமை வளர்ச்சி, நேர மேலாண்மை, இலக்கு நிர்ணயம் எல்லாம் நடத்தினார்கள். சேலத்திலிருந்து வந்த ஒருவர் ஆளுக்கொரு பலூனைக் கொடுத்து, "இதுதான் உங்க கனவு, ஊதுங்க" என்றார். பெருங்கனவு கண்ட பெண்களின் பலூன்கள் வெடித்தன. முதலாளியிடம் கை குலுக்குவது எப்படி என்று ஒரு நாள் முழுக்க வகுப்பு. பானுமதி காரவள்ளி ஷெட்டுக்குள் நுழைந்த அன்று அதை நினைவு வைத்துக் கையை நீட்டினாள். பாய் அந்தக் கையில் கத்திரிக்கோலைக் கொடுத்து, "நூலு வெட்டு போ" என்றார்.

அங்கேதான் அவள் தைக்கப் படித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை, பாய் திட்டினார், அவள் படித்தாள். ஷெட்டில் இரண்டு வரிசைகள். ஜன்னலோரமாக டெய்லர்கள், பாயிடம் நாள்பட்டவர்கள், அவரவர்க்கென்று மெஷின். உள்பக்கம், மூட்டைகள் அடுக்கிய சுவரோரம் பயனாளி வரிசை. இரண்டு வரிசைக்கும் ஒரே டீதான் வந்தது. ஆனால் ஜன்னல் வரிசையின் டீ பாய் கணக்கு, வந்ததும் குடிக்கலாம். பயனாளி டீ திட்டக் கணக்கு. ரமேஷ்குமார் நீட்டும் தாளில் ஒவ்வொருத்தியும் கையெழுத்துப் போட வேண்டும். சில நாள் டம்ளரைப் பிடித்தபடி போட்டோவும் உண்டு. எல்லாம் முடிந்து உதட்டுக்கு வரும்போது டீ மேல் ஆடை படிந்திருக்கும். கையெழுத்துப் போடாமல் ஒரு டீ குடிக்க வேண்டும் என்பதுதான் பானுமதிக்கு நாளடைவில் வாழ்க்கை லட்சியமாயிற்று. அந்த பலூன்காரர் கேட்டிருந்தால் நிச்சயம் இதை இலக்கு என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

கை நேரானதும் அவள் பாயிடம் போய் நின்றாள். "என்னய ஜன்னல் வரிசைக்கு மாத்துங்க பாய்."

பாய் அவள் தைத்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"மாத்தலாந்தான் கண்ணு. ஆனா அந்த வரிசையில உக்காந்தா உன் கூலி என் கையிலேருந்து போவும். இந்த வரிசையில உக்காந்தா டெல்லியிலேருந்து வரும். துணி அதே துணி, தையலும் அதே தையலு. எந்த வியாபாரி கைக்காசக் குடுப்பான், நீயே சொல்லு?"

"அப்ப நான் எப்பத்தான் டெய்லரு ஆவறது?"

"டெல்லிக்காரங்க நிறுத்துனாங்கன்னா ரோசன பண்ணலாம். ஆனா அப்ப ஊட்டுக்குப் போன்னும் சொல்லிருவேன். இப்பவே சொல்லி வச்சிக்கிறேன், அப்பறம் பாய் ஏமாத்திட்டான்னு பேசக்கூடாது."

அந்தத் திட்டத்தில் மனதில் இருப்பதை வாயால் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதற்காக அவரை நல்லவர் என்று சொல்லிவிட முடியாது. சொல்லிவிட்டுச் செய்தார், அவ்வளவுதான்.

மறுநாள் டெல்லி அம்மாள் வந்தாள். பானுமதி இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வருகிறவள்தானே கூலி கொடுக்கிறவள்? டாக்டருக்கும் மேல், பாய்க்கும் மேல். அவள் கண்ணால் நேர்த் தையலைப் பார்த்துவிட்டால், 'இத்தனை நல்லாத் தைக்கிறவ ஏன் இன்னும் இந்த வரிசையில?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். தொழிலதிபரும் டாக்டரும் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? கோபித்துக்கொண்டு ஊருக்கு அனுப்பினால் போகிறது. டெய்லராகிறாளா, வளப்பூர் நாட்டுக்கே திரும்பி மிளகு பொறுக்குகிறாளா, இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அந்த அம்மாளை முதல் நாளே மலைக்கு மேலே அழைத்துப் போய் வாசலூர்பட்டிப் படகுத்துறையில் படகு விட்டுக் காட்டியிருந்தார்கள். காலையில் மலை ரோட்டின் எழுபது வளைவும் இறங்கி சுமோவிலிருந்து கால் வைத்தபோது அவள் எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்திருந்தாள். மண் நிறத்தில் முரட்டுச் சேலை, எண்ணெய் காணாத தலை, கழுத்தில் கனத்த வெள்ளி. 'பயனாளியின் தாய்' என்ற முறையில் போட்டோவுக்காக அழைக்கப்பட்டிருந்த பெருமாயி, தன் பட்டுக்கரைச் சேலையை ஒருமுறை பார்த்துக்கொண்டு மகள் காதில் சொன்னாள்: "பாவம், எந்தூட்டுப் புள்ளயோ. தலைக்கு எண்ணெ வெக்கக்கூட ஆளில்ல."

"இவங்கதாம்மா காசு குடுக்கிறவங்க."

"அதான் இப்பிடி ஆயிட்டா."

டாக்டர் வரவேற்றுப் பேசினார். மலைவாழ் மகளிரின் இருண்ட வாழ்வில் ஒளி என்றார். தகரக் கூரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஒளிக்குக் குறைவில்லை. பெண்கள் வரிசையாகக் கை குலுக்கினார்கள். பிறகு அம்மாள் மெஷின் மெஷினாக வந்து, பானுமதியின் பின்னால் நின்றாள். டாக்டர் தொண்டையைச் செருமினார். முந்தாநாள் வரை அது வெறும் செருமல். இன்று அதற்கு அர்த்தம் இருந்தது.

பானுமதி துணியை மடித்து ஊசிக்கடியில் கொடுத்தாள். பெடலை அழுத்தினாள். ஒரே ஓட்டம். எங்கும் நிற்கவில்லை, எங்கும் இழுக்கவில்லை. நூலை அறுத்து, துணியை உதறி, இரண்டு கையாலும் நீட்டினாள். டாக்டரின் முகம் கறுத்தது. ஷேக் பரீத் பாய் தன்னை மறந்து, "கொடிக்கயிறு கட்டுன மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அம்மாள் வாங்கிப் பார்த்தாள். சர்க்கரை போடாத டீயைக் குடித்தவள் முகம்போல் இருந்தது. இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ரமேஷ்குமார் மொழிபெயர்த்தான்: "கடையில வாங்கினது மாதிரியே இருக்குதுன்னு சொல்றாங்க."

பானுமதிக்கு உடம்பெல்லாம் பூத்தது. மலையில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. கடையில் வாங்கியது போல என்றால் குற்றம் குறை இல்லை, பிசிறு இல்லை, விருந்தாளிக்குத் தைரியமாக எடுத்து வைக்கலாம் என்று பொருள். பெருமாயிகூட நிமிர்ந்து நின்றாள். அடுத்த வார்த்தைக்காகப் பானுமதி காத்திருந்தாள். ஏன் இன்னும் இந்த வரிசையில், என்ற வார்த்தைக்காக.

அந்த அம்மாள் துணியை மெஷின்மேல் வைத்துவிட்டாள். அதில் அவளுக்கு வேலை முடிந்துபோயிற்று. கண் எங்கெங்கோ அலைந்து, மூலையில் கிடந்த வெட்டுத்துணிக் குவியலில் போய் நின்றது. நேராக அங்கே போனாள். குனிந்து, நேற்றைய கருநீல உள்பாவாடையை வெளியே இழுத்தாள். கோணி வளைந்து போயிருந்த ஓரத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனாள். அவள் முகத்தில் முதன்முறையாக மயக்கம் தெளிந்தது. எலுமிச்சம்பழத்தைக் கைப்பையில் போட்டாள். இது யார் தைத்தது என்று கேட்டாள். ரமேஷ்குமார் பானுமதியைக் காட்டினான்.

டாக்டர் அர்த்தனாரியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்று மட்டும் சொல்ல முடியாது. பலூன்காரர் நடத்திய நேர மேலாண்மையின் பயனை அன்று அனுபவித்தவர் அவர் ஒருவர்தான்.

"கொல்லித் தையல் மேடம்!" என்றார். அந்தச் சொல் அந்த நொடியில்தான் பிறந்தது. பிறந்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. "எங்க மலைச் சனங்களோட பாரம்பரியம். அருவி எப்பிடி வளைஞ்சு வளைஞ்சு விழுதோ, அதே வளைவு. சங்க காலத்துலேருந்து வர்றது. நாகரிகம் வந்து அழிச்சிருச்சு. இந்தப் புள்ளைங்க கையில கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு. அது வெளியில தெரிஞ்சா வெக்கம்னு குப்பையில போட்டிருக்குது பாருங்க."

ரமேஷ்குமார் இதை இங்கிலீஷாக்கினான். பாய் அவன் முழங்கையைத் தொட்டு, "ஏன் தம்பி, சங்க காலத்துல உள்பாவாட உண்டா?" என்றார்.

"சும்மா இருங்க பாய்."

"இல்ல, நம்ம யாவாரமாச்சேன்னு கேட்டேன்."

அம்மாள் பெருமாயியிடம் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இந்தக் கலையை மகளுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானா என்று கேட்கச் சொன்னாள்.

"நானா? நான் ஒரு பித்தான் கூட வச்சுத் தெச்சதில்லீங்க சாமி. எல்லாம் சந்தையில வாங்கறதுதான்."

"அது தாய்வழி ரகசியம், வெளியாள்கிட்டப் பேசமாட்டாங்களாம்" என்ற பொருளில் ரமேஷ்குமார் சொன்னான். அம்மாளின் கண் கலங்கியது. கையைப் பிடித்த மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று பெருமாயிக்குத் தோன்றியது. மனதில் இருந்ததைக் கேட்டாள்: "எம்புள்ள பயனாளி உத்தியோகத்துக்கு வந்து வருசக்கணக்காச்சுங்க. இன்னும் பெர்மனென்டு ஆகல. நீங்க பாத்து ஒரு வார்த்த சொல்லோணும்."

பானுமதி ரமேஷ்குமாரைப் பார்த்தாள். அவன் டாக்டரைப் பார்த்தான். பிறகு, திட்டத்தின் பயன்கள் இந்த மலையில் நிரந்தரமாக நிலைக்க வேண்டும் என்று இந்தத் தாய் விரும்புகிறாள் என்று மொழிபெயர்த்தான். அம்மாள் அதைக் குறித்துக்கொண்டாள். கோணல் உள்பாவாடையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். நேரான உள்பாவாடை மெஷின்மேலேயே இருந்தது. பாய் அதை எடுத்துச் சந்தைக்குப் போகும் மூட்டையில் சேர்த்தார்.

இரண்டாம் கட்டம் வந்தது. முதல் கட்டத்தைவிடப் பெரிதாக வந்தது. புதிய பிளக்ஸில் 'கொல்லித் தையல் மீட்டெடுப்புத் திட்டம்' என்று எழுதி, டாக்டரின் படத்துக்குப் பின்னால் அருவி விழுந்தது. பார்ப்பதற்கு அவர் தலையிலிருந்து கொட்டுவது போலிருந்தது. டெல்லியில் கண்காட்சிகளுக்குப் பைகளும் திண்டு உறைகளும் தைத்து அனுப்ப வேண்டும். பாய்க்கு ஒப்பந்தம். மலையிலிருந்து புதுப் பெண்கள் வந்தார்கள். பானுமதிக்கு 'முதன்மைப் பயிற்றுநர்' என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். உட்கார்ந்த இடம் மட்டும் மூட்டைச் சுவரோரமாகவே இருந்தது. முதன்மைப் பயிற்றுநர் டெய்லர் வரிசைக்குப் போய்விட்டால் கூலியை யார் கொடுப்பது?

"அக்கா, எவ்வளவு கோணலாத் தெக்கோணும்?" என்று புதுப் பெண்கள் கேட்டார்கள்.

நியாயமான கேள்வி. பானுமதி ஒழுங்கு தெரிந்தவள். சாக்கட்டியால் துணியில் கோடு போட்டுக்கொடுத்தாள். இங்கே ஒரு வளைவு, இங்கே சின்னதாய் ஒரு நெளிவு, முடிவில் ஒரு இழுப்பு. பெண்கள் கோட்டின்மேலேயே ஓட்டினார்கள். ஒன்றுக்கொன்று அச்சு மாறவில்லை. பெட்டி டெல்லிக்குப் போய் அப்படியே திரும்பி வந்தது. எல்லாம் ஒரே மாதிரி கோணுகிறது, மெஷினில் செய்தது போலிருக்கிறது, கையின் உயிர் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பாய் பெட்டியைப் பிரித்து ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "நேராத் தெச்சாலும் தப்பு. கோணல ஒழுங்காத் தெச்சாலும் தப்பு. தப்பையுந் தப்பாப் பண்ணோணுமாமா கண்ணு. எங்கப்பன் காலத்துல இந்தத் தொழிலு இவ்வளவு கஷ்டமில்ல."

அன்றிலிருந்து சாக்கட்டி இல்லை. பானுமதி பெண்களைப் பேசிக்கொண்டே தைக்கச் சொன்னாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தைக்கச் சொன்னாள். ஊர்ச் சண்டைகளை நினைத்துக்கொண்டு தைக்கச் சொன்னாள். கோணல் நன்றாக வந்தது. எவளாவது நாலு நாளில் கை பழகி நேராக ஓட்டத் தொடங்கினால், போய் மெல்லத் தோளைத் தட்டி, "இன்னுங் கொஞ்சம் கோணலாத் தை கண்ணு" என்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்கு உறைத்தது. டீ வந்தது. இப்போது அவளுக்குத் தாளில் தனிக் கட்டம், 'பயிற்றுநர்' என்று. கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே படிந்த ஆடையை விரலால் ஒதுக்கிக் குடித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பெருமாயி மலையிலிருந்து இறங்கி வந்தாள். கையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு துணி. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். டெய்லர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஷெட் காலியாக இருந்தது.

"வாழவந்தி நாட்டுலேருந்து பொண்ணு பாக்க வாராங்க கண்ணு. பெர்மனென்டான்னு மறுக்காக் கேட்டாங்க. பயனாளி போயி பயிற்றுநரு ஆயிட்டா, பிரமோசனுன்னு சொல்லிப்புட்டேன்." துணியை நீட்டினாள். "உனக்குத்தான் உள்பாவாட. உங்கையாலயே ஒரு ஓட்டு ஓட்டிரு. அவங்க ஊட்டுப் பொம்பளைங்க கண்ணுல பட்டா கடையில வாங்குன மாதிரி இருக்கோணும், ஆமா."

பானுமதி துணியை வாங்கினாள். தன் இடத்துக்குப் போகாமல் ஜன்னல் வரிசைக்குப் போய் ஒரு மெஷினின் முன்னால் உட்கார்ந்தாள். மலையின் அடிவாரம் ஜன்னலில் தெரிந்தது. முதல் வளைவில் ஒரு லாரி முக்கிக்கொண்டு திரும்பியது. கழுத்து அட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தி நீவி, ஊசிக்கடியில் கொடுத்தாள். கோடு போடவில்லை. பெடலை அழுத்தினாள். மெஷின் ஓடியது. அவள் துணியைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். கை தன் பாட்டுக்கு ஓடியது. துணி முடிந்து ஊசி வெறும் காற்றைக் குத்தும் சத்தம் கேட்டதும்தான் காலை எடுத்தாள்.

"நேரா இருக்குதாம்மா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

பெருமாயி மெஷினின் பின்பக்கம் விழுந்த துணியைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். பிறகு ஓரம் போன போக்கிலேயே தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.